குடலில் குடியிருக்கும் கிருமிகள்... இதயத்தைக் காக்குமா, கெடுக்குமா?

மெடிக்கல் ஷாப் போனால் இருமல் மிட்டாய்க்கும் குளுக்கோஸ் பாக்கெட்டுக்கும் பக்கத்தில் இப்போது புதிதாக ஒரு வரிசை இருக்கிறது. புரோபயாடிக் மாத்திரை, புரோபயாடிக் பவுடர், புரோபயாடிக் பானம். வயிற்றுப்போக்குக்கு டாக்டர் எழுதிக் கொடுத்து வாங்கிய காலம் போய், கேட்காமலே வாங்கும் பொருளாக அது மாறிவிட்டது. ‘கொலஸ்ட்ராலைக் கரைக்கும்’, ‘ரத்த அழுத்தத்தைக் குறைக்கும்’, ‘மாரடைப்பே வராது’ என்று வாட்ஸ்அப் தகவல்கள் வேறு வலம் வருகின்றன.

படிப்பவர் மனதில் இரண்டு கேள்விகள் எழும். ‘வயிற்றில் இருக்கும் பாக்டீரியாவுக்கும் நெஞ்சில் இருக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம்?’ என்பது ஒன்று. ‘அப்படியானால் இதைச் சாப்பிட்டுக்கொண்டு பிரஷர் மாத்திரையை விட்டுவிடலாமா?’ என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கான பதில் ஆச்சர்யமானது. இரண்டாவது கேள்விக்குத் தவறான பதிலை நம்பினால் உயிருக்கே ஆபத்து.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019-ம் ஆண்டில் மட்டும் இதயம், ரத்தக்குழாய் நோய்களால் இறந்தவர்கள் 1 கோடியே 79 லட்சம் பேர். அவர்களில் 85 சதவிகிதம் பேரைக் கொண்டுபோனது மாரடைப்பும் பக்கவாதமும்தான். அதனால்தான் இந்த விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

நமக்குள் ஒரு பெரிய ஊர்

ஒரு சராசரி மனித உடலில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருப்பதாக இஸ்ரேலின் வைஸ்மன் இன்ஸ்டிடியூட் விஞ்ஞானிகள் 2016-ல் கணக்கிட்டுச் சொன்னார்கள். நம் உடலின் சொந்த செல்கள் சுமார் 30 லட்சம் கோடி. ஏறக்குறைய சரிக்குச் சரி! அத்தனை பாக்டீரியாக்களையும் சேர்த்து எடை போட்டாலும் 200 கிராம்தான் வரும். இவற்றில் மிகப் பெரும்பாலானவை வசிப்பது பெருங்குடலில்.

இவை சும்மா தங்கியிருக்கும் விருந்தாளிகள் இல்லை. நம்மால் செரிக்க முடியாத நார்ச்சத்தை இவை உடைத்துத் தருகின்றன. வைட்டமின் கே போன்ற சிலவற்றைத் தயாரிக்கின்றன. கெட்ட கிருமிகள் வந்து தங்க இடமில்லாமல் செய்கின்றன. நாம் சாப்பிடுவதைத்தான் இவையும் சாப்பிடுகின்றன. சாப்பிட்டுவிட்டு இவை வெளிவிடும் பொருள்களில் ஒரு பகுதி குடல் சுவர் வழியாக ரத்தத்தில் கலக்கிறது. ரத்தத்தில் கலந்தது இதயத்துக்கும் போகும், மூளைக்கும் போகும். குடலுக்கும் இதயத்துக்கும் உள்ள முக்கியமான பாதை இதுதான்.

தயிர் குடித்த நோபல் விஞ்ஞானி

‘நல்ல பாக்டீரியாவைச் சாப்பிட்டால் நீண்ட நாள் வாழலாம்’ என்ற எண்ணத்துக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. பல்கேரியாவைச் சேர்ந்த ஸ்டாமென் கிரிகோரோவ் என்ற மாணவர், 1905-ல் ஜெனீவாவில் தன் நாட்டுத் தயிரை மைக்ராஸ்கோப்பில் ஆராய்ந்து, அதைப் புளிக்கவைக்கும் பாக்டீரியாவைக் கண்டுபிடித்தார். பாரிஸில் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டில் இருந்த எலி மெச்னிகாஃப் அதை இறுகப் பிடித்துக்கொண்டார். குடலில் சில கிருமிகள் உண்டாக்கும் நச்சுப்பொருள்கள்தான் நம்மை முதுமையாக்குகின்றன, புளித்த பாலில் உள்ள பாக்டீரியாக்கள் அவற்றை அடக்கிவிடும் என்பது அவரது வாதம். தானும் தினமும் புளித்த பால் குடித்தார்.

நோய் எதிர்ப்பு சக்தி பற்றிய ஆராய்ச்சிக்காக 1908-ல் நோபல் பரிசு பெற்றவர் அவர். அதனால் அவர் பேச்சுக்குப் பெரிய மதிப்பு இருந்தது. ஐரோப்பாவில் தயிர் மோகம் பரவியது. மெச்னிகாஃப் 1916-ல் தன் 71-வது வயதில் இறந்தார். காரணம், இதயச் செயலிழப்பு. தயிர் அவரைக் காப்பாற்றவில்லை என்று கேலி செய்யவும் முடியாது, காப்பாற்றியது என்று கொண்டாடவும் முடியாது. ஒருவருடைய வாழ்க்கையை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. அதற்கு ஆயிரக்கணக்கானவர்களைப் பின்தொடரும் ஆய்வுகள் தேவை. அவை வர இன்னும் நூறு ஆண்டுகள் ஆயின.

இரண்டு அவித்த முட்டைகள்

அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக்கில் ஸ்டான்லி ஹேசன் தலைமையிலான குழு, இதய நோயாளிகளின் ரத்தத்தில் வித்தியாசமாக என்ன இருக்கிறது என்று தேடியது. 2011-ல் ஒரு பொருளை அடையாளம் காட்டியது. அதன் சுருக்கப் பெயர் டி.எம்.ஏ.ஓ.

இது உருவாகும் விதம் சுவாரஸ்யமானது. முட்டை மஞ்சள் கரு, ஈரல், இறைச்சி ஆகியவற்றில் கோலின் என்ற சத்து இருக்கிறது. ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி போன்ற சிவப்பு இறைச்சியில் கார்னிட்டின் என்ற பொருள் அதிகம். இவற்றைச் சில குடல் பாக்டீரியாக்கள் உடைக்கும்போது டி.எம்.ஏ என்ற வாயு உண்டாகிறது. கெட்டுப்போன மீனில் மூக்கைத் துளைக்கும் அந்த வாடைக்கு முக்கியக் காரணம் இதே வாயுதான்! அது ரத்தத்தின் வழியாகக் கல்லீரலுக்குப் போகிறது. அங்கே ஒரு என்சைம் அதை டி.எம்.ஏ.ஓ-வாக மாற்றுகிறது.

இதில் பாக்டீரியாவுக்கு உண்மையிலேயே பங்கு உண்டா என்று எப்படி உறுதிசெய்வது? ஆரோக்கியமானவர்களுக்கு இரண்டு அவித்த முட்டைகளைக் கொடுத்தார்கள். சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் டி.எம்.ஏ.ஓ ஏறியது. பிறகு ஒரு பிரிவினருக்கு ஒரு வாரம் ஆன்டிபயாடிக் மாத்திரைகள் கொடுத்து குடல் பாக்டீரியாக்களை அடக்கிவிட்டு, மறுபடியும் முட்டை கொடுத்தார்கள். இப்போது டி.எம்.ஏ.ஓ ஏறக்குறைய காணாமல் போனது. மாத்திரையை நிறுத்தி, பாக்டீரியாக்கள் மீண்டும் வளர்ந்ததும் அதுவும் திரும்பி வந்தது.

அதே குழு, இதய ரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் ஆஞ்சியோகிராம் பரிசோதனைக்கு வந்த 4,007 பேரை 3 ஆண்டுகள் பின்தொடர்ந்தது. டி.எம்.ஏ.ஓ மிகக் குறைவாக இருந்த கால் பங்கினரோடு ஒப்பிட்டால், மிக அதிகமாக இருந்த கால் பங்கினருக்கு மாரடைப்பு, பக்கவாதம் அல்லது மரணம் நேரும் ஆபத்து சுமார் இரண்டரை மடங்கு. 2013-ல் இந்த முடிவு வெளியானபோது மருத்துவ உலகமே நிமிர்ந்து உட்கார்ந்தது.

அதே ஆண்டு இன்னொரு ஆய்வும் வந்தது. பல ஆண்டுகளாக இறைச்சி, முட்டை, பால் எதையுமே தொடாத ஒருவர், ஆராய்ச்சிக்காக மாட்டிறைச்சி சாப்பிட ஒப்புக்கொண்டார். அவர் உடலில் டி.எம்.ஏ.ஓ கிட்டத்தட்ட உருவாகவே இல்லை. தினமும் இறைச்சி சாப்பிடுபவர்களுக்கோ அதே உணவில் விறுவிறுவென ஏறியது. எந்த உணவை வாடிக்கையாகச் சாப்பிடுகிறோமோ, அதை உடைக்கத் தெரிந்த பாக்டீரியாக்கள்தான் குடலில் பெருகுகின்றன என்பதற்கு இது ஓர் அடையாளம்.

பக்கவாதத்துக்கு என்ன தொடர்பு?

உடலில் அடிபட்டால் ரத்தம் உறைய உதவுபவை தட்டணுக்கள். டெங்கு காலத்தில் ‘பிளேட்லெட் எவ்வளவு?’ என்று கேட்போமே, அவைதான். டி.எம்.ஏ.ஓ அதிகமானால் இந்தத் தட்டணுக்கள் சின்னத் தூண்டுதலுக்கும் துள்ளிக் குதித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன என்று 2016-ல் தெரியவந்தது. ரத்தக்குழாய்க்குள் தேவையில்லாமல் ரத்தம் கட்டினால், இதயத்தில் அது மாரடைப்பு. மூளையில் அது பக்கவாதம்.

2021-ல் எலிகளை வைத்து ஒரு சோதனை நடந்தது. டி.எம்.ஏ.ஓ அதிகமுள்ள மனிதர்களின் குடல் பாக்டீரியாக்களை ஒரு பிரிவு எலிகளுக்கும், குறைவாக உள்ளவர்களின் பாக்டீரியாக்களை இன்னொரு பிரிவுக்கும் கொடுத்தார்கள். பிறகு பக்கவாதம் உண்டாக்கிப் பார்த்ததில், முதல் பிரிவு எலிகளின் மூளையில் பாதிப்பு அதிகமாக இருந்தது.

அப்படியானால் முட்டையை நிறுத்திவிடலாமா?

அவசரப்பட வேண்டாம். இந்தக் கதைக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது.

கடல் மீன்களின் உடலிலேயே டி.எம்.ஏ.ஓ இயற்கையாக இருக்கிறது. மீன் சாப்பிட்ட சில மணி நேரத்தில் நம் ரத்தத்திலும் அது எகிறும். ஆனால், மீன் சாப்பிடுபவர்களுக்கு இதய நோய் அதிகம் வருவதில்லை. டி.எம்.ஏ.ஓ மட்டுமே வில்லன் என்றால் இது எப்படி? இன்னொரு விஷயம், இந்தப் பொருளை உடலிலிருந்து வெளியேற்றுவது சிறுநீரகம். சிறுநீரகம் பலவீனமானாலே ரத்தத்தில் இது கூடிவிடும். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு இதய நோய் ஆபத்தும் அதிகம். ஆக, டி.எம்.ஏ.ஓ நோயை உண்டாக்குகிறதா, அல்லது வேறு காரணத்தால் வரும் நோயின் அறிகுறியா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை.

கோலின் நம் மூளைக்கும் கல்லீரலுக்கும், கர்ப்பிணிகளின் வயிற்றில் வளரும் குழந்தைக்கும் அவசியமான சத்து. கோலினை மாத்திரையாகக் கொடுத்தபோது டி.எம்.ஏ.ஓ பல மடங்கு ஏறியது. தினமும் முட்டை சாப்பிட்டவர்களுக்கோ அப்படித் தொடர்ந்து உயர்ந்து நிற்கவில்லை என்று 2021-ல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. எனவே ஆரோக்கியமானவர்கள் அளவாக முட்டை சாப்பிடுவதற்கு இதை வைத்துப் பயப்படத் தேவையில்லை. கோலின், கார்னிட்டின் மாத்திரைகளை டாக்டர் சொல்லாமல் வாங்கி விழுங்குவதுதான் யோசிக்க வேண்டியது.

சிவப்பு இறைச்சி விஷயத்தில் ஆய்வு தெளிவாகவே பேசுகிறது. 113 பேருக்கு ஒரு மாதம் சிவப்பு இறைச்சி, ஒரு மாதம் கோழி போன்ற வெள்ளை இறைச்சி, ஒரு மாதம் இறைச்சியில்லாத உணவு என மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். சிவப்பு இறைச்சி மாதத்தில் டி.எம்.ஏ.ஓ சுமார் 3 மடங்காக இருந்தது. நிறுத்திய ஒரு மாதத்துக்குள் இறங்கிவிட்டது. 2019-ல் வெளியான இந்த முடிவில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. உணவை மாற்றினால், பல ஆண்டுகள் காத்திருக்காமல் சில வாரங்களிலேயே உடலில் மாற்றம் தெரியும்.

நார்ச்சத்து என்னும் தீனி

இதே பாக்டீரியாக்களிடம் நல்ல குணமும் உண்டு. கீரை, காய்கறி, பயறு, சிறுதானியங்களில் உள்ள நார்ச்சத்தை உண்டு, பியூட்டிரேட், அசிட்டேட், புரோபியோனேட் என்ற கொழுப்பு அமிலங்களை அவை தருகின்றன. பியூட்டிரேட்தான் பெருங்குடல் செல்களுக்கு முக்கியமான எரிபொருள். குடல் சுவரை உறுதியாக வைத்திருக்க இது உதவுகிறது. சுவர் பலவீனமானால் பாக்டீரியாவின் துணுக்குகள் ரத்தத்தில் கசிந்து, மெல்லிய அழற்சியைக் கிளப்பிக்கொண்டே இருக்கும். ரத்தக்குழாய்களில் கொழுப்பு படிவதை வேகப்படுத்துவது இந்த அழற்சிதான்.

ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், குடலில் இந்த அமிலங்களை நிறைய வெளியிடும் விசேஷ நார்ச்சத்து மாவை உயர் ரத்த அழுத்தம் உள்ள 20 பேருக்கு 3 வாரங்கள் கொடுத்தார்கள். மேல் அளவு ரத்த அழுத்தம் சராசரியாக 6 புள்ளிகள் இறங்கியது. சின்ன ஆய்வுதான் என்றாலும் நம்பிக்கை தருவது.

நார்ச்சத்து பற்றிய பெரிய சான்றும் உண்டு. 185 நெடுங்கால ஆய்வுகளையும் 58 மருத்துவப் பரிசோதனைகளையும் ஒன்றாக வைத்து அலசிய ஒரு தொகுப்பு 2019-ல் வந்தது. நார்ச்சத்து அதிகம் சாப்பிடுபவர்களுக்கு, குறைவாகச் சாப்பிடுபவர்களைவிட இதய நோய், பக்கவாதம், சர்க்கரை நோய், பெருங்குடல் புற்றுநோய் ஆகியவை 15 முதல் 30 சதவிகிதம் வரை குறைவு என்றது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குப் பரிந்துரைப்பது, தினமும் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து.

புரோபயாடிக் என்னதான் செய்யும்?

‘போதிய அளவில் உயிருடன் உட்கொண்டால் உடலுக்கு நன்மை செய்யும் நுண்ணுயிர்கள்’ என்பது புரோபயாடிக்குக்கு உலக சுகாதார நிறுவனமும் உணவு, வேளாண்மை அமைப்பும் 2001-ல் சேர்ந்து வகுத்த விளக்கம். இதில் ‘உயிருடன்’, ‘போதிய அளவில்’ என்ற இரண்டு வார்த்தைகளையும் அடிக்கோடிட்டுக்கொள்ளலாம்.

ரத்த அழுத்தத்துக்கு இவை உதவுமா? 543 பேர் பங்கேற்ற 9 பரிசோதனைகளை 2014-ல் தொகுத்துப் பார்த்ததில், மேல் அளவு சுமார் மூன்றரைப் புள்ளிகளும், கீழ் அளவு இரண்டுக்குச் சற்று அதிகமாகவும் குறைந்திருந்தன. கொலஸ்ட்ராலிலும் சில குறிப்பிட்ட வகை பாக்டீரியாக்கள் ஓரளவு குறைவைக் காட்டியிருக்கின்றன. பித்த உப்புகளை அவை உடைத்துவிடுவதால், புதிய பித்த உப்பு தயாரிக்க கல்லீரல் ரத்தத்தில் இருக்கும் கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்கிறது.

பலன் இருக்கிறது, ஆனால் சிறியது. 160-ல் இருக்கும் பிரஷரை மூன்று புள்ளி குறைத்து என்ன பயன்? தவிர, புரோபயாடிக் சாப்பிட்டதால் மாரடைப்போ பக்கவாதமோ தடுக்கப்பட்டது என்று எந்தப் பெரிய பரிசோதனையும் இதுவரை நிரூபிக்கவில்லை. பிரஷர் மாத்திரைக்கும், கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரைக்கும் அந்தச் சான்று இருக்கிறது. இதை நம்பி அதை நிறுத்துவது, குடையை வீசிவிட்டுக் கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு அடைமழையில் நடப்பதற்குச் சமம்.

எல்லோருக்கும் பாதுகாப்பானதா?

ஆரோக்கியமானவர்களுக்குப் பெரும்பாலும் பிரச்னை இல்லை. தீவிர நோயில் இருப்பவர்கள் விஷயம் வேறு. நெதர்லாந்தில் கடுமையான கணைய அழற்சியால் அனுமதிக்கப்பட்டவர்களுக்கு, தொற்றைத் தடுக்கும் என்ற எதிர்பார்ப்பில் புரோபயாடிக் கொடுத்துப் பார்த்தார்கள். 2008-ல் வெளியான முடிவு அதிர்ச்சியாக இருந்தது. புரோபயாடிக் பெற்றவர்களில் 16 சதவிகிதம் பேர் இறந்தார்கள். வெற்று மருந்து பெற்றவர்களில் அது 6 சதவிகிதம். புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள், ஐ.சி.யூ நோயாளிகள், குறைப்பிரசவக் குழந்தைகள் ஆகியோருக்கு டாக்டர் சொல்லாமல் இதைக் கொடுக்கவே கூடாது.

‘கெட்ட பாக்டீரியாதான் காரணம் என்றால் ஆன்டிபயாடிக் சாப்பிட்டுக் கொன்றுவிடலாமே’ என்றும் சிலருக்குத் தோன்றலாம். ஒரு கிருமித் தொற்று மாரடைப்பைத் தூண்டுகிறதோ என்ற சந்தேகத்தில், இதய நோயாளிகள் 4,000 பேரை வைத்து ஒரு பரிசோதனை நடந்தது. அதில் ஒரு பாதியினருக்கு ஓராண்டு காலம் வாரம் ஒரு ஆன்டிபயாடிக் மாத்திரை கொடுத்தார்கள். 2005-ல் வந்த முடிவு: ஒரு பலனும் இல்லை. ஆன்டிபயாடிக் நல்லவை, கெட்டவை எனப் பிரித்துப் பார்க்காது. அடிக்கடி சாப்பிட்டால் மருந்துக்கு அடங்காத கிருமிகள்தான் மிஞ்சும்.

தயிர், இட்லி, பழைய சோறு

வீட்டுத் தயிரில் உயிருள்ள லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் நிறைய உண்டு. ஆனால் வீட்டுக்கு வீடு உறை வேறு, பாக்டீரியாவும் வேறு. அதனால் ‘புரோபயாடிக்’ என்று கண்டிப்பான அர்த்தத்தில் சொல்ல முடியாது. நல்ல உணவு என்று சொல்லத் தடையில்லை. மோர்க்குழம்பாகக் கொதிக்கவைத்தால் பாக்டீரியா இறந்துவிடும். மோராகக் குடித்தால் உயிரோடு போய்ச் சேரும்.

இட்லி மாவைப் பொங்கவைப்பதும் பாக்டீரியாக்கள்தான். ஆனால், ஆவியில் வெந்ததும் அவை மடிந்துவிடுகின்றன. புளித்ததால் எளிதில் செரிக்கும், வைட்டமின்கள் கூடும் என்ற நன்மைகள் மிஞ்சும்.

பழைய சோற்றுக்கு இரண்டு சிறப்புகள். இரவெல்லாம் நீரில் புளிப்பதால் பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. சோறு ஆறும்போது மாவுச்சத்தில் ஒரு பகுதி எளிதில் செரிக்காத வடிவத்துக்கு மாறி, நார்ச்சத்தைப் போலப் பெருங்குடல் வரை போகிறது. கிருமிக்கும் தீனி, நமக்கும் குளிர்ச்சி! சுத்தமான பாத்திரம், சுத்தமான தண்ணீர் முக்கியம். தொட்டுக்கொள்ளும் ஊறுகாய், மோர்மிளகாய், கருவாட்டில்தான் கவனம் தேவை. ஒரு நாளைக்கு மொத்த உப்பு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும், அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் குறைவு. சர்க்கரை நோய் உள்ளவர்கள் பழைய சோற்றுக்கும் அளவு வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்றிலிருந்து செய்யக்கூடியவை

* தினமும் ஒரு வேளையாவது தட்டில் பாதி காய்கறி, கீரை இருக்கட்டும். கொண்டைக்கடலை, பச்சைப்பயறு, கொள்ளு என வாரம் முழுக்க மாற்றி மாற்றிச் செய்யுங்கள். உணவு வகை கூடினால் குடல் பாக்டீரியாவின் வகையும் கூடும்.

* நார்ச்சத்தை ஒரே நாளில் கூட்டினால் வயிறு உப்பும். இரண்டு, மூன்று வாரங்களில் படிப்படியாகக் கூட்டி, தண்ணீரும் தாராளமாகக் குடியுங்கள்.

* மட்டன் வாடிக்கையாக இல்லாமல் விசேஷமாக இருக்கட்டும். மற்ற நாள்களில் மீன், கோழி, பருப்பு.

* சர்க்கரை சேர்க்காத தயிர் அல்லது மோர் தினமும் ஒரு டம்ளர். கடையில் புரோபயாடிக் பானம் வாங்கினால், அதில் எவ்வளவு சர்க்கரை என்று லேபிளைப் பாருங்கள். பாக்டீரியாவின் முழுப் பெயரும் எண்ணிக்கையும் இல்லாத பொருளுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

* சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கீரை, பயறு, பழங்களைக் கூட்டுவதற்கு முன் டாக்டரிடம் கேட்க வேண்டும்.

* பிரஷர், சுகர், கொலஸ்ட்ரால் மாத்திரைகளை எந்தக் காரணத்துக்காகவும் தானாக நிறுத்தாதீர்கள். புகை பிடிப்பவர் வீட்டில் இருந்தால், எத்தனை டம்ளர் மோரும் அந்தக் கேட்டை ஈடுகட்டாது.

இந்த அறிகுறி தெரிந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள்

சிரிக்கும்போது வாய் ஒரு பக்கம் கோணுவது, இரண்டு கைகளையும் தூக்கினால் ஒன்று மட்டும் கீழே இறங்குவது, பேச்சு குழறுவது... இவற்றில் ஒன்று திடீரென வந்தாலும் பக்கவாதமாக இருக்கலாம். நடு நெஞ்சில் அழுத்தும் வலி, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குப்பென்று வியர்ப்பது ஆகியவை மாரடைப்பின் அறிகுறிகள். ‘கேஸ் பிரச்னையாக இருக்கும், கொஞ்சம் மோர் குடி’ என்று சொல்லி நேரத்தைக் கடத்திவிடாதீர்கள்.

உடனே 108-ஐ அழையுங்கள். அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பக்கவாதத்தில் மூளை ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்பதால், டாக்டர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று அதுதான். வாய் கோணி, பேச்சு குழறியவருக்கு வாயில் தண்ணீரோ மாத்திரையோ கொடுக்கக் கூடாது. புரையேறிவிடும். ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனை உங்கள் வீட்டுக்கு அருகில் எது என்று இன்றே விசாரித்து, வீட்டிலுள்ள எல்லோருடைய போனிலும் அந்த எண்ணைப் பதிந்துவையுங்கள்.